இரண்டு குச்சி வெண்ணெய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழுடன் வந்த இணைப்பில், கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே அலங்கார குக்கீஸ் செய்வது எப்படி என்று அரைப்பக்கம் வந்திருந்தது. படம் பிரமாதம். பனிப்பூ, நட்சத்திரம், மான், மரம். எல்லாவற்றின் மேலும் வெள்ளை ஐசிங்கில், அதாவது சீனிப்பூச்சில், நூல் பிடித்த மாதிரி கோடுகள். இரண்டாம் வகுப்பு படிக்கிற என் பேரன் அதைக் கத்தரித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டான். படத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படத்துக்குக் கீழே இருந்த செய்முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களுக்கு உப்பு எடைபோட்டுக் கொடுத்தே காலம் போயிற்று. அதனால் எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் கண் முதலில் அளவுக்குத்தான் போகும். உங்கள் செய்முறையின் முதல் அளவே, "இரண்டு குச்சி வெண்ணெய்".

என் மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். "குச்சி ஐஸ் கேள்விப்பட்டிருக்கேன். இதென்னங்க குச்சி வெண்ணெய்?" என்றாள்.

அமெரிக்காவில் வெண்ணெயை நீளக் கட்டியாகத் தாள் சுற்றி விற்கிறார்கள். ஒரு கட்டி ஏறத்தாழ 113 கிராம். அவர்கள் பேச்சில் அதற்குப் பெயர் குச்சி. நம் கடைகளில் இருப்பது 100 கிராம் பாக்கெட்டும் அரைக்கிலோ பாக்கெட்டும். தமிழில் எழுதியவர் 226 கிராம் என்று ஒரு எண்ணைப் போட்டிருந்தால் வேலை முடிந்தது. அடுத்த வரியில் "மிட்டாய்க்காரர் சர்க்கரை, ஒரு கோப்பை". இது ஐசிங் சுகர், அதாவது மாவு போலப் பொடித்த சீனி என்று எனக்கு விளங்கப் பாதி ராத்திரி ஆனது. தூத்துக்குடியில் ஐசிங் சுகர் என்று கேட்டால் பெரிய மளிகைக் கடைகளில் எடுத்துத் தருவார்கள். மிட்டாய்க்காரர் சர்க்கரை என்று போய்க் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதுவும் எங்கள் பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்று கேட்டால் வெல்லப்பொடியைக் கட்டிக் கொடுக்கிற கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கடைசி வரி சிரிக்க விடவில்லை. "350 டிகிரி சூட்டில் 10 நிமிடம் வைக்கவும்."

எந்த டிகிரி என்று இல்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்த என் மருமகள், பேரன் நச்சரிப்பு தாங்காமல், செய்முறையை அப்படியே நம்பி இறங்கிவிட்டாள். எங்கள் ஓவன் 28 லிட்டர் ஓடிஜி, மேசையில் வைக்கிற சின்ன மின் ஓவன். அதன் திருகில் 250க்கு மேல் எண்ணே கிடையாது. 350 கேட்கிறார்களே என்று அவள் கடைசி வரைக்கும் திருகியிருக்கிறாள். தூறல் விழுந்ததால் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வாசனை வந்து ஓடி இறங்குவதற்குள், ஆறாவது நிமிடத்திலேயே, இரண்டு டஜன் நட்சத்திரமும் ஓரம் கரியாகி, நடுவில் பச்சை மாவாக நின்றன. அந்த 350, பாரன்ஹீட் கணக்கு. நம் ஓவனில் அது 177.

கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த வெண்ணெய் போயிற்று, அதை விடுங்கள். மருமகள் பேசாமல் தட்டைச் சுரண்டிக் கழுவிவிட்டு, "எனக்கு இந்த ஓவன் கைவராது மாமா" என்றாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. அச்சில் வந்ததைப் பார்த்துச் செய்கிறவர்கள் பிசகினால் தங்கள் கையைத்தான் நொந்துகொள்வார்கள், தாளை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். உங்கள் இணைப்பைப் பார்த்து அன்றைக்கு எத்தனை வீட்டில் திருகைக் கடைசி வரை திருப்பினார்களோ.

சரி, டிகிரியைத் திருத்திவிட்டால் மட்டும் அந்தச் செய்முறை நம் வீட்டில் நடக்குமா என்றால், நடக்காது. "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர் அறை? அந்தச் செய்முறை பிறந்த ஊரில் டிசம்பர் மாதம் வீட்டுக்குள் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும். எங்கள் சமையலறையில் அன்றைக்கு மத்தியானம் என் வெப்பமானி (சொந்தக் காசில் வாங்கியது, கல்லூரிச் சொத்து இல்லை) 29 காட்டியது. அந்தச் சூட்டில் வெண்ணெய், களிம்பு மாதிரிக் கிடக்கும். அதைப் போட்டுப் பிசைந்த மாவை அச்சால் வெட்டித் தூக்கினால் நட்சத்திரத்தின் ஐந்து காலும் ஐந்து பக்கம் இழுபடும். ஓவனுக்குள் போனதும் மாவு வெந்து இறுகுவதற்கு முன்னால் வெண்ணெய் உருகி ஓடிவிடும். உள்ளே போனது நட்சத்திரம், வெளியே வருவது ஆப்பம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2021இல் முதல் முறை செய்தபோது என் வீட்டில் வந்த ஆப்பங்களைக் கேரல் பாட வந்த பையன்கள் "வெண்ணெய் பிஸ்கட் நல்லாருக்கு தாத்தா" என்று சாப்பிட்டுப் போனார்கள். அது மான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் நான்கு டிசம்பராக அளந்து அளந்து நாங்கள் வந்து சேர்ந்த கணக்கு இது: மைதா 400 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200, ஐசிங் சுகர் 200, முட்டை ஒன்று, ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா எசன்ஸ் ஒரு சின்னக் கரண்டி. பேக்கிங் பவுடர் கிடையாது. பேக்கிங் பவுடர் மாவை உப்ப வைக்கும். உப்பினால் உருவம் போய்விடும். உங்கள் செய்முறையில் அதை ஒரு கரண்டி போடச் சொல்லியிருந்தது, தின்பதற்கு நன்றாக இருக்கும், மானுக்குக் கொம்பு நிற்காது.

மாவைப் பிசைந்தவுடன் பிரிட்ஜில் வைத்து, கல்லாக்கி, அப்புறம் உருட்ட முடியாமல் திண்டாடுவதைவிட, பிசைந்த கையோடு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து உருட்டிவிடுவோம். கனம் ஐந்து மில்லிமீட்டர். பூரிக்கட்டையின் இரண்டு பக்கமும் அதே கனமுள்ள மரச்சட்டம் வைத்துக்கொண்டால் கட்டை அதற்குக் கீழே இறங்காது. உருட்டிய தகட்டைத் தட்டோடு ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, விறைப்பாக இருக்கும்போதே வெட்டி, வெட்டியதை மறுபடி பத்து நிமிடம் பிரீசரில் வைத்து, நேரே ஓவனுக்கு. 170 டிகிரி செல்சியஸ், பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறம் கண்டதும் எடுத்துவிட வேண்டும், நடு வெள்ளையாக இருந்தாலும். வேலையை விடிகாலை நாலரைக்குத் தொடங்குவோம். அந்த நேரத்தில்தான் எங்கள் அடுக்களை கொஞ்சம் அடங்கியிருக்கும்.

வெண்ணெயைப் பற்றி ஒன்று. பால்காரம்மா தருகிற வீட்டு வெண்ணெய் மணத்துக்கு ஈடு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் மோர் ஒளிந்திருக்கும். பாக்கெட் வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி உண்டு. கடைந்தெடுத்த வெண்ணெயில் அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. தண்ணீர் கூடினால் மாவு தளரும். அதை நெய்யாக உருக்கி அச்சு முறுக்குக்கும் பொங்கலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தக் கோப்பை. அமெரிக்காவில் கோப்பை ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250. மேசைக்கரண்டி கூட மற்ற இடத்தில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. அது போகட்டும். ஒரே கோப்பையைக் கொடுத்து எங்கள் வீட்டில் மூன்று பேரை மைதா அள்ளச் சொன்னேன். என் மனைவி அள்ளியது 118 கிராம், மருமகள் 131, நான் 152. நான் அமுக்கி அள்ளியிருக்கிறேன், பழக்க தோஷம். மூன்று கோப்பை மாவு என்று போட்டால் எனக்கும் மனைவிக்கும் நடுவில் நூறு கிராம் வித்தியாசம். ஒன்று ஓடும், இன்னொன்று வெடிக்கும். சின்ன எலக்ட்ரானிக் தராசு இப்போது ஒரு பிரஷர் குக்கர் விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. "கிராம்" என்று எழுதுங்கள், வாசகர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

இனி ஐசிங். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

"ஒரு மணி நேரம் உலரவிட்டு, மேலே அடுத்த நிறம் போடவும்" என்று உங்கள் செய்முறை சொல்கிறது. தூத்துக்குடியில் டிசம்பர் மாதம் என்பது வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாத நேரம். ஒரு பக்கம் கடல். துவைத்த சட்டையே இரண்டு நாள் காயாது. ஐசிங் என்பது முட்டை வெள்ளைக்கருவில் அடித்த சீனி. காற்றில் ஈரம் இருந்தால் சீனி அதை இழுத்துக்கொள்ளும், உள்ளே இருக்கிற ஈரத்தையும் வெளியே விடாது. முதல் வருடம் நான் வெள்ளைத் தாடி வைத்த தாத்தாவும் சிவப்புக் குல்லாவும் போட்டேன். ஒரு மணி நேரம் அல்ல, இரண்டு ராத்திரி காத்திருந்தும் விரல் வைத்தால் ஒட்டியது. அதற்குள் குல்லாவின் சிவப்பு தாடிக்குள் இறங்கி, மூன்றாம் நாள் காலையில் எல்லாத் தாத்தாக்களும் வெற்றிலை போட்ட வாயோடு இருந்தார்கள்.

வழி சொன்னது ஒரு மக்ரூன் மாஸ்டர். எங்கள் ஊர் மக்ரூனை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, இந்த மூன்றுதான். அவர் இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார், மாலை நடைக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போவார். தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். தாத்தாக்களைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டு, "வெள்ளைக்கருவையும் சீனியையும் மழைக்காலத்துல காத்துல காய வைக்கிற ஆள இப்பத்தான் சார் பாக்குறேன்" என்றார். மக்ரூனை அவர்கள் சுடுவது என்று சொல்வதைவிடக் காய வைப்பது என்றுதான் சொல்ல வேண்டும். தணிந்த சூட்டில் ராத்திரி முழுக்க அடுப்புக்குள் கிடந்து ஈரம் வெளியேறும். ஐசிங்குக்கும் அதே தந்திரம் போதும் என்றார்.

அதன்படி, கடைசித் தட்டு குக்கீஸ் வெளியே வந்ததும் ஓவனை அணைத்துவிட்டு, சூடு 45 டிகிரிக்கு இறங்கும் வரை காத்திருப்பேன். அப்புறம் ஐசிங் போட்டதை உள்ளே வைத்து, கதவில் ஒரு கரண்டியைச் செருகி, சின்ன இடைவெளி விட்டு அரை மணி நேரம். மேல்தோல் இறுகிவிடும். அதற்கு மேல் அடுத்த நிறம் போட்டால் கலங்காது. பிறகு மேசை விசிறிக்கு முன்னால் ராத்திரி முழுக்க. அவசரப்பட்டு அதிகச் சூட்டில் வைக்காதீர்கள். குக்கீயிலிருந்து வெண்ணெய் கசிந்து வெள்ளை ஐசிங்கில் எண்ணெய்த் திட்டு விழும், அதை எடுக்க வழியில்லை.

காய்ந்ததை எவர்சில்வர் டப்பாவில் வைக்கும்போது அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போடுவாள் என் மனைவி. ஈரத்தை அது வாங்கிக்கொள்கிறது. ஆய்வகத்தில் ஈரம் உறிஞ்ச நாங்கள் நீல நிறச் சிலிக்கா மணிகள் வைத்திருப்போம். ஒரு பழைய மாணவன் அதைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டான். அந்த நீலம் கோபால்ட் உப்பு தம்பி, தின்கிற பொருள் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு நான் 70 மதிப்பெண் வாங்கிக் கொடுத்தேன் என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

வெள்ளைக்கருவை அப்படியே பச்சையாகப் போடச் சொன்னதும் சரியில்லை. நம் முட்டைகள் நாமக்கல்லில் இருந்து லாரியில் வந்து, கடை வாசலில் வெயிலில் அடுக்கிக் கிடப்பவை. சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு, குக்கீயை அலங்கரித்த பிறகு யாரும் வேகவைக்கப் போவதில்லை. தின்பது குழந்தைகள். மெரிங் பவுடர் (உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி) என்று பேக்கிங் சாமான் கடைகளில் கிடைக்கிறது, அது பாதுகாப்பானது. அது இல்லாவிட்டால் வெள்ளைக்கருவோடு சீனியில் கொஞ்சத்தைக் கலந்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிண்டிக்கொண்டே 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றலாம். சீனி இருப்பதால் சட்டென்று திரிந்து வெந்துபோகாது. ஒரு முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 35 கிராம் வரும். அதற்கு ஐசிங் சுகர் மொத்தம் 200 கிராம், எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. கோடு போட அது அப்படியே சரி. உள்ளே நிரப்புவதற்குத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கத்தியால் மேலே ஒரு கீறு போட்டுப் பார்க்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் கீறு மூடிக்கொண்டால் பதம். தோசை மாவு ஊற்றுகிற கைக்கு இது ஒரு நாளில் வந்துவிடும்.

நிறத்துக்கு வருகிறேன். கடையில் காகிதப் பொட்டலத்தில் தருகிற கலர் பொடியை வாங்கவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமைன் பி என்ற சாயம் இருப்பதைக் கண்டுபிடித்து நம் அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையையே தடை செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது துணிக்குப் போடுகிற சாயம். உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்கள் நம் நாட்டில் எட்டுத்தான். அதையும் பெரும்பாலான பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போடக்கூடாது. 100 மில்லிகிராம் என்பது எவ்வளவு என்று 31 வருடம் நிறுத்துப் பார்த்தவன் சொல்கிறேன், நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு. "சிவப்பு நன்றாக ஏறும்வரை சேர்க்கவும்" என்று எழுதுவது ஆபத்து.

இயற்கை நிறம் போடலாமே என்று ஒரு வருடம் செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தேன். அழகான சிவப்பு. ஐசிங்கில் ஊற்றிய நிமிடம் சாம்பல் கலந்த பச்சைக்குப் போய்விட்டது. மனைவி பதறிவிட்டாள், நான் கைதட்டினேன். ஏழாம் வகுப்பிலேயே இருக்கிற பாடம் அது. செம்பருத்திச் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். முட்டை வெள்ளைக்கரு காரத்தன்மை உள்ளது, அன்றைக்கு நான் எலுமிச்சை விட மறந்திருந்தேன். சாற்றைப் பிழிந்தேன், பேரன் கண்ணெதிரே பச்சை மறைந்து ரோஜா நிறம் திரும்பியது. அவன் அதற்குப் பிறகு குக்கீ தின்கிறானோ இல்லையோ, எலுமிச்சை பிழிகிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பீட்ரூட் பொடி இன்னும் சுலபம். ஐசிங்கை வேகவைக்காததால் அதன் நிறம் மங்குவதில்லை.

கோடு போடுவதற்கு விலை உயர்ந்த பையும் முனைகளும் வாங்கச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் தெருவில் காயல்பட்டினத்திலிருந்து வந்து குடியிருக்கிற ஒரு பெண் இருக்கிறாள், கல்யாண வீடுகளுக்குப் போய் மருதாணி போடுகிறவள். அவள் கண்ணாடித்தாளைச் சுருட்டி ஒரு கோன் செய்து கொடுத்தாள், முனையை ஊசியளவு வெட்டிக்கொண்டால் போதும். அவள் போட்ட பனிப்பூ, உங்கள் படத்தைவிட ஒரு படி மேல். முதல் குக்கீயிலேயே! நானும் மருமகளும் மூன்று வருடம் பழகியும் எங்கள் கோடு நடுங்குகிறது. என் மனைவி இழைக்கோலம் போட்ட கை. அவள் போடுகிற சுழிகளும் நேர்த்தி. ஆனால் கோனைப் பிடிக்கமாட்டேன் என்று அரிசிமாவைப் போல மூன்று விரலால் ஐசிங்கைத் தொட்டுப் போடப் பார்த்தாள். அது நடக்கவில்லை.

இன்னொரு விஷயமும் உறுத்தியது. "நமக்குப் பழக்கமில்லாத மேல்நாட்டுப் பண்டம்" என்று உங்கள் முன்னுரையில் இருந்தது. ஐசிங்கும் பனிப்பூவும் புதிது, சரி. (பனிப்பூவும் எங்களுக்கு அப்படியொன்றும் புதிதில்லை. எங்கள் ஊர்க் காவல் தெய்வமே பனிமய மாதா. பனி பெய்யாத ஊரில் ஒவ்வொரு ஆகஸ்ட் 5ஆம் தேதியும் பனியின் பெயரால் திருவிழா எடுக்கிறவர்கள் நாங்கள்.) ஆனால் பண்டிகைக்குப் பூ வடிவத்தில் அச்சு வைத்துப் பலகாரம் செய்வது எப்போதிலிருந்து மேல்நாட்டுப் பழக்கம்? என் மனைவியின் அச்சு முறுக்கு அச்சு அவள் அம்மாவுடையது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி. அச்சை எண்ணெயிலேயே போட்டுக் காய வைத்து, முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்க வேண்டும். முழுக்க முங்கிவிட்டால் பூ அச்சை விட்டுக் கழலாது. இதையே ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரோஸ் குக்கீஸ் என்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் சித்திரை வருடப் பிறப்புக்கு இதே மாதிரி அச்சில் சுடுவதற்குப் பெயர் கொக்கிஸ். குக்கீ, கொக்கிஸ் இரண்டும் டச்சு மொழியில் 'சின்ன கேக்' என்று பொருள்படும் கூக்கியே என்ற ஒரே சொல்லின் வழி வந்தவை. அந்த டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து, இடையில் கை மாறி, 1825இல்தான் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். எங்கள் ஊருக்குக் குக்கீயை அறிமுகப்படுத்துகிறேன் என்றால் மனைவி சும்மா இருப்பாளா? "எழுதுங்க, எழுதுங்க" என்று இந்தப் பத்தியை எழுத வைத்தவள் அவள்தான்.

2023 டிசம்பரையும் சொல்லிவிடுகிறேன். 16ஆம் தேதி சனிக்கிழமை எழுபது குக்கீஸ் சுட்டு டப்பாவில் வைத்தோம், ஞாயிற்றுக்கிழமை ஐசிங் போடுவதாகத் திட்டம். ஞாயிறு பிடித்த மழை உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திங்கள் விடிவதற்குள் எங்கள் கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் இல்லை, அடுப்புப் பற்றவைக்க வழியில்லை. மாடிக்குத் தூக்கிப் போனவற்றில் பத்திரப்பெட்டிக்கு அடுத்தது அந்த எவர்சில்வர் டப்பாதான். நாங்களும் பக்கத்து இரண்டு வீட்டுக் குழந்தைகளுமாக, ஐசிங் போடாத நட்சத்திரங்களையும் மான்களையும் இரண்டு நாள் தின்றோம். அந்த வருடம் அலங்காரம் ஒன்றும் கிடையாது. மூன்றாம் நாள் டப்பாவின் அடியில் அரிசி முடிச்சு மட்டும் இருந்தது, அதையும் கஞ்சி வைத்தாள்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. முழுவதையும் போடச் சொல்லவில்லை. 21ஆம் தேதி ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னக் கட்டத்தில் மூன்று திருத்தம் போட்டால் போதும்: 350 என்பது 177 செல்சியஸ், இரண்டு குச்சி என்பது 226 கிராம், ஐசிங் உலர ஒரு மணி நேரம் போதாது. பண்டிகைக்கு முந்தைய கடைசி ஞாயிறு அதுதான், பலரும் அன்றைக்குத்தான் செய்வார்கள். இனிமேல் இப்படிக் குறிப்பு போடும்போது, எழுதியவர் அதைத் தன் வீட்டு ஓவனில் ஒரு தடவையாவது செய்து பார்த்தாரா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் வரும் சனிக்கிழமை மறுபடி அடுப்பு ஏறுகிறது. பழைய துறைமுகப் பக்கம் தகர வேலை செய்கிற ஒருவர், டால்டா டப்பாத் தகட்டை வளைத்துத் தோணி வடிவத்தில் ஒரு அச்சு செய்து கொடுத்திருக்கிறார். பாய்மரம் மெல்லியதாக இருப்பதால் பத்தில் நாலு உடையும் என்று நினைக்கிறேன். மருமகள் இந்த முறை திருகைத் தொடமாட்டேன் என்றாள், நான் விடவில்லை. 170 வருகிற இடத்தில் அவளையே நகப்பூச்சால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன், வைத்திருக்கிறாள். பிரிட்ஜ் கதவில் உங்கள் தாள் அப்படியேதான் இருக்கிறது. பேரன் சிவப்புப் பேனாவால் 350ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் "தப்பு" என்று எழுதி, ஆசிரியர் போடுவது போலக் கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தூத்துக்குடி.